சராசரித் தாமதம் நான்கு நிமிடம்

தென்மண்டலத் தொலைச்செய்தி வாரியத்தில் தாமதத்தை அளப்பதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு டிரங்க் கால் போட்டால் எவ்வளவு நேரத்தில் மறுமுனையில் குரல் கேட்கிறது என்று கண்டுபிடித்து எழுதுவது அதன் வேலை. தாமதத்தைக் குறைப்பது வேறு பிரிவின் வேலை. அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.

தாமத அளவீட்டு அதிகாரி ராமசேஷன் வருஷத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து தென்காசி எக்ஸ்சேஞ்சுக்கு முகாம் வருவார். 1983இலும் வந்தார். ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல் பிடித்து, ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மற்ற மாதங்களில் வெயிலுக்குக் கம்பி நீண்டு அளவு பிசகிவிடும் என்று வாரியத்துக்கு விளக்கமாக எழுதி, சீசனில் மட்டும் வருவதற்கு அவர் அனுமதி வாங்கியிருந்தார். காலையில் அருவி. பிறகு அளவீடு.

ஐந்தருவியில் அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர் குத்தாலிங்கம். ஐம்பத்தைந்து வயது. சீசன் மூன்று மாதமும் அருவிக்கு வருகிறவர்களின் உடம்பைப் பிடித்துவிடுவார். மற்ற மாதங்களில் தென்னந்தோப்புக்குக் காவல். ராமசேஷனின் முதுகு அகலமானது. அதைத் தேய்த்து முடிப்பதற்குள் அவர் நிறையப் பேசிவிடுவார்.

"குத்தாலிங்கம், இந்த தேசத்துல தாமதம் தாமதம்னு எல்லாரும் புலம்பறா. அளந்து பாத்தவன் ஒருத்தன் உண்டோ?"

"தெரியலய்யா."

"அளக்காத வரைக்கும் தாமதங்கறது வெறும் வதந்தி."

"அளந்தா கொறஞ்சிருமாய்யா?"

"அளந்தா தெரியும். தெரிஞ்சா போர்டுல எழுதலாம்." ராமசேஷன் புரண்டு படுத்து நெஞ்சைக் காட்டினார். "போர்டுல எழுதிட்டா ஜனங்களுக்கு ஒரு நிம்மதி."

குத்தாலிங்கம் ஆமாம் போட்டார். அவர் அதுவரை போனில் பேசியதே இல்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் அவருக்குத் தந்தி வந்தது. பம்பாயிலிருந்து மருமகன் தாணு அடித்திருந்தான். அகிலாண்டேஸ்வரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உங்களோடு பேச வேண்டும் என்கிறாள், வார்டுக்குப் போன் செய்யவும் என்று நம்பரும் கொடுத்திருந்தான். அகிலாண்டம் அவருக்கு ஒரே மகள். தாராவியில் குடித்தனம். இது எட்டாம் மாதம். பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவதாகத்தான் இருந்தது. கால் இரண்டும் வீங்கிவிட்டன, ரயிலில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். தாயாவது போயிருப்பாள். முத்துவடிவு போன மாதம் அருவிப் படியில் வழுக்கி இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தாள்.

"மொதல்ல பேசுங்க. என்ன செய்யுதுன்னு கேளுங்க," என்றாள் முத்துவடிவு. "பேசிட்டு அப்படியே மூணரை ரயில்ல ஏறிருங்க. எனக்குத்தான் பக்கத்து வீட்டு சுல்தான் பீவி இருக்காளே, கஞ்சி வச்சுத் தருவா."

குத்தாலிங்கம் ஒரு பையில் இரண்டு வேட்டியும் சட்டையும் திணித்துக்கொண்டு பஸ் ஏறி, பத்து மணிக்கெல்லாம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றார். வாசலில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய போர்டு இருந்தது. "இந்நிலையத்தில் டிரங்க் அழைப்புகளின் சராசரித் தாமதம்: 4 நிமிடம்." அதை எழுத்துக் கூட்டிப் படித்ததும் அவருக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

உள்ளே ஆபரேட்டர் விஜயம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. தந்தியை வாங்கிப் படித்துவிட்டு, கேட்காமலே 'அர்ஜெண்ட்' என்று எழுதிக்கொண்டாள்.

"நாலு நிமிசந்தான? நின்னுக்கிடுதேன் தாயி," என்றார் குத்தாலிங்கம்.

விஜயம் அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "நில்லுங்க அண்ணாச்சி," என்றாள்.

நிற்கத்தான் முடியும். அங்கே முன்பு இரண்டு பெஞ்சு கிடந்தது. போன வருஷ முகாமில் ராமசேஷன் அவற்றை எடுக்கச் சொல்லிவிட்டார். பெஞ்சு இருந்தால் ஜனங்கள் உட்காருகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் தாமதம் இருப்பது போலத் தோன்றுகிறது. பெஞ்சை எடுத்ததும் காத்திருப்போர் எண்ணிக்கை நூற்றுக்கு எழுபது குறைந்ததாக அந்த வருஷ அறிக்கையில் இருக்கிறது.

தென்காசியிலிருந்து வெளியூர் போவதற்கு இரண்டே லைன்கள். முகாம் நாட்களில் ஒன்றில் அளவீடு நடக்கும். ராமசேஷன் ஸ்டாப் வாட்சை அமுக்கி, "ஹலோ, தென்காசி" என்பார். மறுமுனையில் அதற்கென்றே உட்கார்த்திவைக்கப்பட்ட ஊழியர், "பெற்றேன்" என்பார். வாட்சை நிறுத்தி, விநாடியைக் குறித்துக்கொள்வார். மதுரை, சென்னை, பம்பாய், கல்கத்தா என்று ஊருக்கு நாற்பது தடவை. தமிழ்நாட்டில் செய்யும் சோதனை தமிழில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு இருந்ததால், பம்பாய்க்காரருக்கும் கல்கத்தாக்காரருக்கும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டாவது லைனில், அளவீடு ஒழுங்காக நடக்கிறதா என்று சென்னையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வரிசையில் குத்தாலிங்கத்துக்கு முன்னால் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி அப்துல் ஜப்பார் நின்றுகொண்டிருந்தார். சென்னை மண்டியில் என்ன விலை என்று கேட்பதற்குச் செவ்வாய்க்கிழமையே பதிந்திருந்தார். மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டு, "காய் பழுத்துரும் அண்ணாச்சி, நான் லாரியிலயே போயிருதேன்," என்று கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில், சென்னையில் கேட்டுக்கொண்டிருந்தவர் காபிக்கு எழுந்துபோன நேரத்தில், அவருடைய சென்னைக் கால் கிடைத்தது. மண்டியில் போனை எடுத்தவர் அப்துல் ஜப்பார்தான். இந்தப் பக்கம் பேச ஆள் இல்லை. கேட்டவரே மறுமுனையில் கிடைத்தது வாரிய வரலாற்றில் முதல்முறை என்று ராமசேஷன் அதற்கு அடியில் சிவப்புக் கோடு போட்டார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் குத்தாலிங்கம் மறுபடி விஜயத்தின் ஜன்னலுக்கு வந்தார். "தாயி, மூணரைக்கு ரயிலு. போயிரவா, நிக்கவா? நீ சொல்லு."

அறிவிக்கப்பட்ட தாமதத்தைத் தவிர வேறு எந்தத் தாமதத்தையும் ஆபரேட்டர் பொதுமக்களிடம் சொல்லக் கூடாது என்று விஜயத்தின் தலைக்கு மேலேயே ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. நிஜத் தாமதத்தைச் சொன்னதற்காகப் போன வருஷம் ஒருத்தியைக் கோவில்பட்டிக்கு மாற்றியிருந்தார்கள். பின்னால் ராமசேஷன் வாட்சோடு உட்கார்ந்திருந்தார்.

"போர்டுல உள்ளதத்தான் நான் சொல்லணும் அண்ணாச்சி," என்றாள். "நாலு நிமிசம்."

"அப்போ நின்னே பேசிருதேன். நான் ரயில்ல ஏறுன பொறவு கால் கெடச்சா, பிள்ள போன்ல அப்பா அப்பான்னு கூப்பிட்டு ஏமாந்துரும்லா."

மூன்றரை ரயில் போனது. மாலையில் விஜயத்தின் வேலை நேரம் முடிந்ததும் அவரும் வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அருவிக்குப் போகாமல் அவர் நேராக எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். ராமசேஷனுக்கு அன்று எண்ணெய்க் குளியல் தவறிவிட்டது. பதினோரு மணிக்கு உள்ளே வந்தவர் சுவரோரம் நின்ற ஆளை அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, இங்கயா இருக்கே? நான் அங்க உன்னைத் தேடறேன்."

குத்தாலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "நேத்து காலையில இருந்து காத்துக் கெடக்கேன்யா."

"அந்த வார்த்தையைச் சொல்லப்படாது," என்றார் ராமசேஷன் அன்பாக. "ஆபரேட்டர் பிளக்கைச் சொருகற நிமிஷத்துலேர்ந்துதான் தாமதம். அதுக்கு முன்னாடி இருக்கறது தாமதமே இல்லை. நீ காத்திண்டு இல்லை, குத்தாலிங்கம். நீ தயார்நிலையில இருக்கே."

"அந்தத் தயார்நிலை எவ்வளவு நேரம்யா இருக்கும்?"

"அதை அளக்கறதில்லை."

"அய்யா, அந்த ரெண்டு லைன்ல ஒண்ண ஒரு நிமிசம் விட்டா..."

ராமசேஷன் அவர் தோளில் கைவைத்தார். "உன் கஷ்டம் எனக்குப் புரியறது. ஆனா நீயே யோசிச்சுப் பாரு. லைன் நன்னா இருக்கான்னு நான் அளந்திண்டிருக்கேன். நடுவுல ஜனங்கள் பூந்து பேச ஆரம்பிச்சா அளவு என்னத்துக்கு ஆகும்? லைன் யாருக்காக? உங்களுக்காகத்தானே அளக்கறேன்?"

அளவீட்டு அழைப்புகள் 'அதி முதன்மை' வகுப்பு. அர்ஜெண்ட் அதற்குக் கீழே. சாவுச் செய்தியும் அர்ஜெண்டுதான். அன்றைக்கும் மூன்றரை ரயில் போனது.

சனிக்கிழமை மத்தியானம் விஜயம் எழுந்துபோய் ராமசேஷனின் மேஜை முன்னால் நின்றாள். அவள் அப்படி நின்றதை அங்கே யாரும் பார்த்ததில்லை. "சார், அந்த அண்ணாச்சிக்குப் பம்பாய் குடுக்கணும். பிள்ளைக்கு ரொம்ப முடியல," என்றாள்.

ராமசேஷன் வாட்சை மேஜையில் வைத்து யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல. இரண்டு நாளாகத் தன் முதுகைத் தேய்க்காத ஆளுக்கு உதவ வேண்டும் என்றுதான் நினைத்தார். விதிக்குள் ஒரு வழியும் தோன்றியது.

"பொதுஜனக் குரல்ல ஒரு சோதனை செஞ்சா அறிக்கைக்கு எடுப்பா இருக்கும். வாப்பா, பம்பாயோட நீயே பேசு."

குத்தாலிங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கருவியை அவர் காதில் விஜயமே பொருத்தினாள். வாட்ச் அமுங்கியது. கரகரவென்று மழை பெய்வது போல ஒரு சத்தம். அதற்கு நடுவில் யாரோ மூச்சுவிடுவது கேட்டது.

"அகிலாண்டம்," என்றார் குத்தாலிங்கம். "எம்மா, அப்பா பேசுதேன். எப்படி இருக்க?"

"பெற்றேன்," என்றது ஓர் ஆண் குரல்.

"யாருய்யா அது? அகிலாண்டத்தக் கூப்பிடுங்க. வார்டுல இருக்கா. எம் மவ."

"பெற்றேன்," என்றது குரல் மறுபடியும். பிறகு அந்த மனிதர் இந்தியில் ஏதோ கேட்டார். குத்தாலிங்கம் தந்தியைக் கண்ணருகே கொண்டுபோய் நம்பரைப் படிக்கத் தொடங்கினார். மூன்றாவது எண்ணைச் சொல்லும்போது லைன் அறுந்தது. சோதனை முடிந்திருந்தது.

"ஏழு விநாடி," என்றார் ராமசேஷன். குரல் தழுதழுத்தது. "குத்தாலிங்கம், இங்கேர்ந்து பம்பாய்க்கு இதுவரைக்கும் யாரும் ஏழு விநாடியில போனதில்லை. உன் குரல் போயிருக்கு."

குத்தாலிங்கம் கருவியைக் கழற்றாமலே நின்றார். "திருப்பி ஒருக்கா போடுவியளாய்யா?"

"இனிமே போட்டா சராசரி ஏறிடும்."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது முத்துவடிவு கட்டிலில் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். மூன்று நாளாக அவர் வரும்போதெல்லாம் கேட்ட அதே கேள்வி. "கெடச்சுதா?"

"பம்பாய் கெடச்சுது."

"என்ன சொன்னா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. நடந்ததையும் சொல்ல வரவில்லை. "பெற்றேன்னு வந்துச்சு," என்றார்.

முத்துவடிவின் முகம் மலர்ந்தது. "பெத்துட்டாளா? எட்டு மாசத்துலயேவா? எனக்குத் தெரியும், நேத்தெல்லாம் எனக்கு அடிவயிறு வலிச்சுக்கிட்டே கெடந்துச்சு. ஆணா, பொண்ணா? அதக் கேக்கலியா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் சுவர்ப் பக்கம் திரும்பி சுல்தான் பீவியைக் கூப்பிட்டாள். சுல்தான் பீவி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருந்துச் சாமான் என்னென்ன கொடுத்தனுப்ப வேண்டும் என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். சுக்கு, திப்பிலி, பெருங்காயம் என்று முத்துவடிவு அடுக்கிக்கொண்டே போனாள். குத்தாலிங்கம் கை கால் கழுவுவதற்காகக் கொல்லைப் பக்கம் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அளவீட்டுக்கு விடுமுறை. திங்கட்கிழமை முகாமின் நிறைவு விழா. அன்றைய கடைசி அளவு நன்றாக வர வேண்டும் என்பதால், லைன்களுக்கு ஞாயிறு முழுவதும் ஓய்வு கொடுத்திருந்தார்கள். குத்தாலிங்கம் மத்தியானம் வரை பூட்டிய கதவின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பினார்.

மாலை ஆறு மணிக்கு இரண்டாவது தந்தி வந்தது. அகிலாண்டேஸ்வரி காலை ஐந்து மணிக்குக் காலமானாள், பெண் குழந்தை நலம் என்று இருந்தது.

முத்துவடிவு முதலில் நம்பவில்லை. "நேத்துத்தான பெற்றேன்னு பேசுனா? நீங்கதான சொன்னிய?"

"அவ பேசல," என்றார் குத்தாலிங்கம். "அது டெஸ்டு."

"டெஸ்டுன்னா?"

குத்தாலிங்கம் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார். வியாழக்கிழமை மூன்றரை ரயிலில் ஏறியிருந்தால் வெள்ளிக்கிழமை காலை சென்னை, சனிக்கிழமை இருட்டுவதற்குள் பம்பாய். அந்தக் கணக்கை அவர் மனத்துக்குள் திரும்பத் திரும்பப் போட்டார். ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமைதான் வந்தது.

திங்கட்கிழமை அவர் பையோடு புறப்பட்டார். குழந்தையைப் பார்க்க வேண்டும். மகளை அடக்கம் செய்த இடத்தையும் பார்க்க வேண்டும். ரயிலுக்கு நேரமிருந்தது. தான் கேட்ட கால் இன்னும் பதிவில் கிடக்கும், அதை ரத்து செய்துவிட்டால் பின்னால் நிற்கிறவர்களுக்கு ஒரு இடம் முன்னேறும் என்று அவருக்குத் தோன்றியது. எக்ஸ்சேஞ்சுக்குப் போனார்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மண்டலத்திலேயே குறைந்த தாமதத்துக்காகத் தென்காசிக்குக் கேடயம் என்று காலையில்தான் சென்னையிலிருந்து அறிவித்திருந்தார்கள். ராமசேஷன் மாலைக்குக் கழுத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். குத்தாலிங்கம் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் நிஜமாகவே வாடியது.

"அடடா. ரொம்ப வருத்தமா இருக்குப்பா. எத்தனை மணிக்கு?"

"வெள்ளன அஞ்சு மணிக்காம்."

"தந்தி எப்போ வந்தது?"

"சாயந்திரம் ஆறு."

"பதிமூணு மணி நேரம்." ராமசேஷன் தலையை ஆட்டினார். "என்ன பண்றது. தந்தி வேற பிரிவு."

ரத்துக்கான படிவத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். "வியாழக்கிழமை தேதி போட்டுடு. கேட்ட உடனே வேண்டாம்னுட்டேன்னு. இல்லேன்னா நாலு நாள் பதிவுல நிக்கும். கேடயம் வந்திருக்கற சமயம் பாரு."

"இதுல ஒப்புப் போட்டா அடுத்த ஆளுக்குச் சீக்கிரம் கெடைக்குமாய்யா?"

"கெடைக்காம?"

குத்தாலிங்கம் கையெழுத்துப் போட்டார். ராமசேஷன் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேடைக்குப் போனார். விழாவுக்காக அளவீட்டை நிறுத்தியிருந்ததால், எக்ஸ்சேஞ்ச் திறந்திருக்கும்போதே இரண்டு லைன்களும் சும்மா இருந்தது அந்த முகாமில் அதுதான் முதல்முறை. வெளியே ஒலிபெருக்கி முழங்கியது.

"ஜனங்கள் எங்கிட்ட கேக்கறா, இத்தனை அளந்து என்ன கண்டேள்னு. நான் சொல்றேன். தாமதம் லைன்ல இல்லை. பேசறவாகிட்டதான் இருக்கு. பேச ஆளே இல்லாதபோது நம்ம லைன் ஏழு விநாடியில போறது. இது உலகத் தரம்."

கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் விஜயம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, உங்க கால் வந்திருக்கு. வார்டு லைன்ல இருக்கு." அவளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "வேண்டாம்னு சொல்லிரவா?"

குத்தாலிங்கம் பையைச் சுவரோரம் இறக்கிவைத்தார். பிறகு உள்ளே வந்து, "குடு தாயி," என்று கருவியை வாங்கிக்கொண்டார்.

"ஹலோ, வார்டு. ஆரா?" ஒரு பெண் குரல். நர்ஸ். மலையாளத்துக்காரி. சீசனுக்கு வரும் மலையாளிகளின் உடம்பைப் பிடித்துவிட்டே குத்தாலிங்கத்துக்கு அந்தப் பேச்சு பழகியிருந்தது.

"தென்காசியில இருந்து பேசுதேன்மா. அகிலாண்டத்தோட அப்பா."

லைன் அறுந்துவிட்டதோ என்று விஜயம் பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நர்ஸின் குரல் தாழ்ந்து கேட்டது. அவள் எதையோ சொல்லத் தொடங்க, அவர் இடைமறித்தார். "தெரியும்மா. தந்தி வந்துட்டு. ஒண்ணு கேக்கணும். எம் மவ கெடந்த கட்டிலு இந்தப் போனுக்குக் கிட்டயா, தூரமா?"

தொட்டடுத்த கட்டில்தான் என்றாள் நர்ஸ். போன் மணி அடிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பாளாம். சனிக்கிழமை பேச்சு நின்ற பிறகும் பார்த்தாளாம். வந்ததெல்லாம் வேறு யாருக்கோ வந்த போன்கள்.

"சரிம்மா," என்றார் குத்தாலிங்கம்.

குழந்தை உறங்குகிறாள், எழுப்பிக்கொண்டு வரட்டுமா, சத்தமாவது கேளுங்கள் என்றாள் நர்ஸ்.

"வேண்டாம். உறங்கட்டும். நான் பொறப்பட்டு வருதேன்."

கருவியை விஜயத்திடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்தார். ரத்து செய்யப்பட்ட அழைப்பு என்பதால் அதைப் பதிவேட்டில் எழுத இடமில்லை. விஜயம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து அவர் பின்னாலேயே வந்தாள். பந்தலில் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி. வியாழக்கிழமையே உங்கள ரயிலுக்குப் போகச் சொல்லியிருக்கணும் நான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

குத்தாலிங்கம் அவளைப் பார்த்தார். அவளுக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று தேடினார். கிடைக்கவில்லை.

"ஆமா தாயி. சொல்லியிருக்கலாம்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சாரலில் நனைந்தபடி ஸ்டேஷன் ரோட்டில் நடந்தார்.